பிரஸ் பட்டறைக்குப் பாதுகாப்புப் பயிற்சி தேடி அலைந்த அனுபவம்

சான்றிதழ் மட்டும் போதும் என்றால் ஒரே மதியத்தில் வேலை முடிந்துவிடும். ஆட்களின் பெயர்ப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பணத்தைப் போட்டால், கலர் பிரிண்ட் எடுத்த சான்றிதழ்கள் கூரியரில் வந்து சேரும். எங்களுக்கு முதலில் கிடைத்த யோசனையே அதுதான். “எல்லாரும் இப்படித்தானுங்க பண்றாங்க, ஆடிட்டுக்கு இது போதுங்க” என்று அந்த ஏஜென்ட் சொன்னபோது வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாக அடங்கவில்லை. நடக்காத வகுப்புக்குத் தலைக்கு இவ்வளவு என்று விலை பேசுகிறார். அந்தக் காகிதத்தில் பெயர் இருக்கும் பையன் அடுத்த நாளும், உலோகத் தகட்டை அடித்து வடிவாக்கும் அதே பிரஸ் மெஷினில்தான் கை வைக்கப் போகிறான்.

நானும் அண்ணனும் கோவையில் ஒரு சின்ன பிரஸ் பட்டறை நடத்துகிறோம். பம்ப், மோட்டார் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். ஆட்கள் இருபதுக்குக் கீழே. பாதிக்கு மேல் பீகார், ஒடிசாப் பையன்கள். பட்டறைத் தளம் அண்ணன் பொறுப்பு. இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு), பிஎஃப், ஜிஎஸ்டி, வாடிக்கையாளர் கம்பெனிகள் வந்து சோதிக்கும் வெண்டர் ஆடிட் எல்லாம் என் தலையில். பயிற்சிக்கான பதிவேடு வேண்டும் என்று இந்த முறை வாடிக்கையாளர் கம்பெனி கேட்டது உண்மை. ஆனால் நாங்கள் இதில் இறங்கக் காரணம் அது மட்டுமில்லை. அதற்குச் சில வாரம் முன்பு ஒரு பிரஸ் டபுள் அடித்தது. ஒரு தடவை பெடலை மிதித்ததற்கு ராம், அதாவது மேலிருந்து இறங்கி அடிக்கும் பாகம், இரண்டு முறை இறங்கியது. பீஸை எடுக்க நீண்டிருந்தது இடுக்கி என்பதால் விரல் தப்பித்தது. அந்த நசுங்கிய இடுக்கியைப் பார்த்தபிறகு, வெறும் காகிதத்துக்குப் பணம் கொடுக்க அண்ணனுக்கும் மனம் வரவில்லை.

சரி, முறையாகப் போவோம் என்று ஒரு அரசு அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். கவுன்ட்டரில் இருந்தவர் விண்ணப்பத்தோடு லைசென்ஸ் நகல் கேட்டார். அதை எடுத்துக்கொண்டு போனால் ஆட்கள் பட்டியல் கேட்டார். அதுவும் கொடுத்தபிறகு, “இதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தாம்மா. பத்துப் பதினஞ்சு பேருக்கெல்லாம் யாரு வந்து கிளாஸ் எடுப்பாங்க?” என்றார். முதல் நாளே சொல்லியிருந்தால் ஆட்டோ செலவாவது மிஞ்சியிருக்கும்.

அவர் சொன்னது தவறு. அப்போது நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் 111ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. வேலையிடத்தில் தன் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவல் கேட்பதும் பயிற்சி பெறுவதும் தொழிலாளியின் உரிமை என்றது அது. முடிந்தவரை தொழிற்சாலைக்குள்ளேயே பயிற்சி தர வேண்டும், இல்லையென்றால் முதலாளி செலவில் பயிற்சி மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்றிருந்தது. பெரிய கம்பெனிக்கு மட்டும் என்று அதில் எங்கும் இருக்கவில்லை. ஆயிரம் பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் என்றது வேறு பிரிவு, 40பி. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலரும் பேசுகிறார்கள். அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய், கவுன்ட்டரில் நிற்காமல் மேலதிகாரியைப் பார்க்க நேரம் கேட்டேன். அவர் பொறுமையாக உட்காரவைத்துப் பேசினார். சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் மேற்பார்வையாளர்களுக்கு வகுப்புகள் நடப்பதைச் சொன்னவரும் அவர்தான். எங்கள் ஃபோர்மேனை அனுப்பினோம். நல்லபடியாக முடித்து வந்தார்.

இங்கே ஒரு விஷயம். எந்த அலுவலகமாக இருந்தாலும் விண்ணப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். அந்தச் சீல் இருந்தால் அடுத்த முறை பேச்சின் தொனியே மாறுகிறது.

1948 சட்டத்தில் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் இருந்தாலே தொழிற்சாலை. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்ததும் அந்தப் பத்து, இருபதாகிவிட்டது. எங்களைப் போன்ற பட்டறைகளில் சிலர் இதைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விடுவதைப் பார்க்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆள் குறைவான பட்டறையிலும் ஐம்பது டன் பிரஸ் ஐம்பது டன்னோடுதான் இறங்குகிறது.

ஃபோர்மேன் படித்துவிட்டு வந்தாலும் பிரஸ்ஸில் உட்காரும் பையன்களுக்கு யார் சொல்வது? ஒரு தனியார் பயிற்சியாளரை அழைத்தோம். சின்ன ஹால், புரொஜெக்டர், டீ, பிஸ்கட் எல்லாம் ஏற்பாடு செய்தோம். அவர் போட்டுக் காட்டியது கெமிக்கல் ஆலைத் தீ விபத்துப் படங்கள், ஸ்லைடு முழுக்க ஆங்கிலம், பேச்சு தமிழில். ஒடிசாப் பையன்கள் மரியாதைக்காக முழு நேரமும் உட்கார்ந்திருந்தார்கள். பிரஸ் என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. கடைசியில் வாசலில் தீயணைப்பானை இயக்கிக் காட்டியது ஒன்றுதான் உருப்படி. அந்த நாள் சம்பளம், பயிற்சிக் கட்டணம், நின்றுபோன உற்பத்தி எல்லாம் கைவிட்டுப் போனது.

அடுத்து வந்தது லைட் கர்ட்டன் விற்பவர். இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஏரியாவில் இதில் பணம் விட்டவர்கள் இருக்கிறார்கள். டைக்கு (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சுக்கு) முன்னால் இரண்டு பக்கமும் சென்சார் நிற்கும், நடுவில் கை போனால் ஒளி தடைபடும், மெஷின் நிற்கும். கேட்க நன்றாக இருக்கிறது. பெரிய ஆட்டோ கம்பெனிகளில் எல்லாம் இருக்கிறது என்றார், அதுவும் உண்மைதான். அண்ணன் ஏறக்குறைய அட்வான்ஸ் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டார். அப்போது எங்கள் ஃபோர்மேன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இந்த பிரஸ் பாதியில நிக்குமாங்க?”

நிற்காது. எங்களுடையவை பழைய பின் கிளட்ச் பிரஸ்கள். பெடலை மிதித்ததும் ‘பின்’ என்கிற இரும்பு முளை, சுற்றிக்கொண்டிருக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீலோடு பிடித்துக்கொள்ளும். ராமை இயக்கும் கிராங்க் ஒரு முழுச் சுற்று சுற்றித்தான் விடும். நடுவழியில் அதை நிறுத்த வழியே கிடையாது. சென்சார் கையைப் பார்த்துவிடும், ஆனால் ராமைத் தடுக்க அதனால் முடியாது. “ரிலே குடுத்துட்டா மோட்டார் ஆஃப் ஆயிருமுங்க” என்றார் விற்பவர். மோட்டார் ஆஃப் ஆகும், ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டுதானே இருக்கும்? அதற்கு அவரிடம் பதில் இல்லை. நடுவழியில் நிறுத்தக்கூடிய ஃப்ரிக்ஷன் கிளட்ச், ஹைட்ராலிக் பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு லைட் கர்ட்டன் அருமையான சாதனம். பின் கிளட்ச்சுக்கு அதைப் பொருத்துவது ஆபத்து, காரணம் அது இருக்கிறதே என்று நம்பிப் பையன் தைரியமாகக் கையை விடுவான். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் அடிக்கும் பட்டன் போட்டாலும் டபுள் அடிக்கும்போது அது காப்பாற்றாது. டையைச் சுற்றி நிலையான தடுப்பு (கார்டு) போட்டு, கை உள்ளே போகவே வழியில்லாமல் செய்வதுதான் இதற்குச் சரியான தீர்வு. தகட்டுப் பட்டை போகும் இடைவெளி 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் விரல் நுனிகூட நுழையாது. அதைச் செய்ய எங்கள் வெல்டரும் கொஞ்சம் கம்பி வலையும் போதுமாக இருந்தது.

நல்ல பயிற்சியாளர் கடைசியில் தெரிந்தவர் மூலமாகத்தான் கிடைத்தார். பெரிய ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். “புரொஜெக்டர் வேணாம் அம்மிணி. பிரஸ் ஓடுற எடத்துல நிக்கறதுக்கு எடம் குடுங்க, போதும்” என்றார். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

டையைக் கழற்றச் சொல்லிவிட்டு மோட்டாரை ஆஃப் செய்தார். எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துப் பெடலை மிதித்தார். ராம் டமாரென்று இறங்கியது. ஸ்விட்ச் ஆஃப், ஆனாலும் அடிக்கிறது! பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்களிடம் நான்கைந்து வருடமாக இருக்கும் பீகார்க்காரர் ஒருவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தார். ஃப்ளைவீல் முழுக்க நின்ற பிறகுதான் டையில் கை வைக்க வேண்டும், டை செட்டிங்கின்போது ராமுக்குக் கீழே முட்டுக்கட்டை வைக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகு யாருக்கும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வொரு பிரஸ்ஸாகக் கூடவே நடந்தார். பெடல்களுக்கு மேல்மூடி இல்லாததைக் காட்டினார். பீஸ் தவறி விழுந்தாலே மிதித்ததற்குச் சமம். டபுள் அடித்த பிரஸ்ஸில் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்து, ‘பின்’ தேய்ந்திருந்தது. காலையில் வேலை தொடங்கும் முன் சும்மா இரண்டு ஸ்ட்ரோக் அடித்துப் பார்த்து நோட்டில் எழுதுங்கள் என்றார்.

அப்புறம் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, “பீஸ் ரேட்டா?” என்று கேட்டார். ஆமாம், பீஸுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. “அப்ப இடுக்கி குடுத்தாலும் அதக் கீழ போட்ருவாங்க. இடுக்கில எடுத்தா எண்ணிக்கை கொறையும்ல.” எந்த வகுப்பிலும், எந்த போஸ்டரிலும் யாரும் இதைச் சொன்னதில்லை. கையால் பீஸ் வைக்கும் வேலைகளை மட்டும் நாள் கூலிக்கு மாற்றினோம். எண்ணிக்கை கொஞ்சம் குறைந்தது, இடுக்கி கையிலேயே இருக்கிறது. இந்தச் செயல்முறையில் எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய பலன் இதுதான் என்பேன்.

முதலுதவிப் பயிற்சி சுலபமாக முடிந்தது, இருவர் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்தார்கள். பெட்டியில் பேண்டேஜ் தீர்ந்ததும் நிரப்புவது யார் என்பதை மட்டும் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இஎஸ்ஐ பற்றி ஒரு எச்சரிக்கை. புதுப் பையன் நிலைப்பானா பார்ப்போம் என்று பதிவைத் தள்ளிப்போடும் பழக்கம் நம் பட்டறைகளில் நிறைய. வேலையிடக் காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. ஆனால் அடிபட்ட பிறகு அவசரமாகப் பதிவு செய்தால் கேள்வி மேல் கேள்வி வரும், அலைவது அந்தப் பையன்தான். சேரும் அன்றே பதிவு செய்யுங்கள். விபத்து நடந்தால் தாமதிக்காமல் இஎஸ்ஐக்கு விபத்து அறிக்கை அனுப்புங்கள். வேலைக்கு வர முடியாத நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் அவருக்குக் கிடைக்கும். பதிவில் ஆதார், வங்கிக் கணக்கு பெயர் எழுத்து ஒத்துப்போகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். வடமாநிலப் பெயர்களில் ஓர் எழுத்து மாறினாலே பணம் நின்றுபோகிறது.

ஆடிட் நாளன்று வந்தவர் முதலில் கையெழுத்துத் தாளும் போட்டோவும் கேட்டார். கொடுத்தேன். அதோடு போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. தளத்துக்கு வந்து ஒரு ஒடிசாப் பையனிடம் இந்தியில், டையில் பீஸ் மாட்டிக்கொண்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். அவன் வாயால் பதில் சொல்லவில்லை. ஸ்விட்ச்சை ஆஃப் செய்து, ஃப்ளைவீல் நிற்கும்வரை கையைக் கட்டி நின்று, முட்டுக்கட்டையை வைத்துவிட்டு, இடுக்கியை எடுத்துக் காட்டினான். ஆடிட்டர் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த மெஷினுக்குப் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூரியரில் வரும் சான்றிதழ் வாங்கியிருந்தால் அந்த இடத்தில் என்ன நடந்திருக்கும்?

பயிற்சியாளரைப் பிடிப்பதற்கு முன் கேட்க வேண்டியவை: பட்டறைக்கு நேரில் வந்து மெஷினைப் பார்ப்பாரா, எங்கள் வகை மெஷினில் வேலை செய்தவரா, பையன்களின் மொழிக்கு என்ன ஏற்பாடு. மூன்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் வேறு ஆளைப் பாருங்கள். வகுப்பை வேலை நேரத்தில், சம்பளத்தோடு வையுங்கள். ஷிஃப்ட் முடிந்து களைத்த ஆளிடம் எதைச் சொன்னாலும் ஏறாது. மார்ச் முதல் பாதியைத் தவிருங்கள். மார்ச் 4இல் தொடங்கும் தேசியப் பாதுகாப்பு வாரத்துக்கு நல்ல ஆட்களைப் பெரிய கம்பெனிகள் முன்பே பிடித்துவிடுகின்றன. எங்களுக்கு அடுத்த சுற்று ஆடிக்குப் பிறகு. ஒடியாவிலேயே சொல்லித்தரும் ஆள் கோவை, திருப்பூர் பக்கம் யாருக்காவது தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், கட்டணம் பற்றிக் கவலை இல்லை.