முதல் ஊசி ஏறும் நேரம்

மாரி தொடங்கிவிட்டால் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலோடு வருபவரைப் பார்த்ததும் டெங்குதான் முதலில் நினைவுக்கு வரும். தலையிடி, சத்தி, உடம்பு உளைவு எல்லாம் அதற்கும் உண்டு. இரண்டு நாள் வீட்டில் பனடோல் கொடுத்து, பக்கத்து டிஸ்பென்சரியில் காட்டி, ஆள் பிதற்றத் தொடங்கிய பிறகுதான் பலரை வார்டுக்குக் கொண்டு வருவார்கள். அந்தப் பிதற்றலை காய்ச்சல் வேகம் என்று விடக்கூடாது; மூளையைச் சுற்றியிருக்கும் உறையில் அழற்சி வரும் மூளைக்காய்ச்சலாகவும் இருக்கலாம். கழுத்து விறைக்கட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. நெதர்லாந்தில் பக்றீரியாவால் மூளைக்காய்ச்சல் வந்த பெரியவர்களிடம் செய்து 2004இல் வெளிவந்த பெரிய ஆய்வில் காய்ச்சல், கழுத்து விறைப்பு, அறிவு மங்கல் மூன்றும் சேர்ந்திருந்தவர்கள் 44 வீதம்தான். தலையிடியையும் சேர்த்து நான்கில் குறைந்தது இரண்டு இருந்தவர்கள் 95 வீதம்.

பக்றீரியா மூளைக்காய்ச்சல் என்று சந்தேகித்தால், ஆள் வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் அன்ரிபயோரிக் ஏற வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். நேரம் வீணாவது தெரியாததால் அல்ல, வரிசையால். முதலில் சீரீ ஸ்கான், பிறகு மூளையையும் முள்ளந்தண்டு வடத்தையும் சுற்றியிருக்கும் நீரை முதுகில் ஊசி குத்திச் சோதனைக்கு எடுப்பது, அது முடிந்து மருந்து என்று ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் மூன்று மணித்தியாலம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். வலிப்பு, ஒரு பக்கம் இயங்காமை, அறிவு நன்றாகக் குறைந்திருப்பது, நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியிருப்பது போன்றவை இருந்தால்தான் ஸ்கான் முந்த வேண்டும். அப்போதுகூட கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, இரத்தம் எடுத்துவிட்டு மருந்தைத் தொடங்கலாம். மருந்து முந்தினால் நீரில் கிருமி பிடிபடாமல் போகும் என்ற பயம் நியாயமானதுதான். இந்த நோயைத் தரும் பக்றீரியாக்களில் ஒன்றான மெனிங்கோகொக்கஸ் மருந்து ஏறி இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே மறையக்கூடும். ஆனால் நீரில் இருக்கும் செல் எண்ணிக்கையும் புரதமும் அவ்வளவு சீக்கிரம் சரியாகிவிடாது; நோயை அவை காட்டிக்கொடுக்கும்.

வீட்டுக்காரரின் பயம் வேறு. "முதுகில குத்தினா இடுப்புக்குக் கீழ விளங்காமப் போயிடுமாமே, டொக்டர்?" ஊசி போகும் இடத்தில் முள்ளந்தண்டு வடம் இல்லை, அது அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது என்று படம் கீறிக் காட்டுவேன். சிலர் சம்மதிப்பார்கள். சிலர் கொழும்பில் இருக்கிற மாமாவைக் கேட்க வேண்டும் என்பார்கள். சரி, கேட்கட்டும். மாமா பதில் சொல்லும்வரை மருந்து காத்திருக்கத் தேவையில்லை.

கடினமான கேள்வி பிறகு வரும். "ஊசி நேரத்துக்குப் போட்டனீங்கள்தானே, பிறகேன் ஆள் செத்தவர்?" கிருமி செத்தாலும் ஆள் சாகலாம். உடைந்த கிருமித் துண்டுகளே அழற்சியைக் கிளறிவிடும். மூளை வீங்கும், மண்டையோட்டுக்குள் அதற்கு விரிய இடமில்லை. முதல் நாட்களில் பெரும்பாலும் அந்த வீக்கமோ இரத்த அழுத்தம் சரியும் செப்ரிக் ஷொக்கோதான் ஆளைக் கொண்டுபோகும். அப்புறம் மூளை இரத்தக்குழாய் அடைப்பு, மூளைக்குள் நீர் தேங்குதல். வயதானவர்களுக்கு நியுமோனியாவும் இதயமும். மரணச் சான்றிதழில் எல்லாம் ஒரே மூளைக்காய்ச்சலாகத்தான் நிற்கும். முதல் டோஸோடு அல்லது சற்று முன்னர் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்ரீரொயிட் மருந்து கொடுப்பது இந்த அழற்சிக்காகத்தான். 2002இல் ஐரோப்பாவில் 301 பேரிடம் செய்த ஆய்வில், நியுமோகொக்கஸ் என்ற பக்றீரியாவால் மூளைக்காய்ச்சல் வந்த நோயாளரில் இறப்பு 34 வீதத்திலிருந்து 14 ஆகக் குறைந்தது. மலாவியில் அந்த நன்மை தெரியவில்லை. அங்கே பெரும்பாலானோருக்கு எச்.ஐ.வி. இருந்தது. நேரத்துக்கு மருந்து ஏறியும் ஆள் சாகலாம் என்பதால், "பிந்திக் கொண்டு வந்திட்டியள்" என்று வீட்டுக்காரரிடம் சொல்வதை நான் விரும்புவதில்லை. பல நேரம் அது உண்மையும் இல்லை.

எங்கள் வார்டில் இரண்டு நேரங்களை எழுத வைக்கிறேன்: ஆள் வந்த நேரம், முதல் ஊசி ஏறிய நேரம். ஓடர் எழுதிய நேரம் போதாதா என்று புதிதாக வந்த பயிற்சி டொக்டர்களான ஹவுஸ் ஒபிசர்கள் கேட்பார்கள். போதாது. ஓடருக்கும் ஊசிக்கும் நடுவில் மருந்தெடுக்கப் போன ஆள், நரம்பு கிடைக்காத கை, தாதியரான மிஸ்ஸிமார் ஷிப்ற் மாறும் அரை மணித்தியாலம் எல்லாம் கிடக்கின்றன.