வீண்செலவு என்று எதைச் சொல்வது?

கனடாவின் வினிபெக் நகரை 1950-இல் ரெட் ஆற்று வெள்ளம் சூழ்ந்தது. பிறகு மனிடோபா மாகாணத்தின் முதல்வரான டஃப் ராப்ளின், வெள்ளம் ஊரைச் சுற்றிப் போகும்படி சுமார் 47 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்ட வைத்தார். 1962-இல் தொடங்கிய வேலை 1968-இல் முடிந்தது. செலவு 6.3 கோடி கனடிய டாலர். ‘டஃபின் மடத்தனம்’ என்றார்கள் எதிர்த்தவர்கள். 1997-இல் பெருவெள்ளம் வந்தபோது நகரம் பிழைத்தது அந்தக் கால்வாயால்தான்.

பயன்படாமல் கிடக்கிறது என்பதை வைத்து மட்டும் ஒன்றை வீண் என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. கணக்கும் எளிதுதான். ஓர் ஊரில் 5,000 கோடி நாசம் செய்யக்கூடிய வெள்ளம் வர ஆண்டுக்கு 2 சதவீத வாய்ப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரி இழப்பு ஆண்டுக்கு 100 கோடி. கட்டுமானச் செலவைக் கால்வாயின் ஆயுளுக்குப் பிரித்து, வட்டியும் பராமரிப்பும் சேர்த்து ஆண்டுக்கு 100 கோடிக்குள் அடங்கினால் அது தகுந்த செலவு. ஆனால் இதே ஊரில் தொடர்ந்து 20 ஆண்டுகள் அப்படியொரு வெள்ளமே வராமல் போவதற்குக் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. அந்த 20 ஆண்டும் ‘வெட்டிப் பள்ளம்’ என்ற பேச்சு ஓயாது. காலியாக இருக்கும் தீவிர சிகிச்சைப் படுக்கைக்கும் இருப்பில் கிடக்கும் தீயணைப்பு வண்டிக்கும் இதே கணக்குதான்.

அப்படியானால் உண்மையான விரயம் எங்கே? பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்க்காத கொள்முதல் பில்களில். இத்தாலிய அரசு அமைப்புகள் வாங்கிய சாதாரணப் பொருட்களின் விலைகளை ஒப்பிட்டு பண்டியேரா, பிராட், வல்லெட்டி ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரே தரப் பொருளுக்கு ஓர் அமைப்பு இன்னோர் அமைப்பைவிடத் தொடர்ந்து அதிகம் கொடுத்தது. அவர்கள் மதிப்பிட்ட விரயத்தில் 83 சதவீதம், வாங்கியவருக்கு எந்த ஆதாயமும் தராத விரயம். லஞ்சம் அல்ல. விலையை ஒப்பிடத் தெரியாதது, சிக்கனம் காட்டினாலும் பலன் இல்லாதது, விதிகளின் சுமை போன்றவை. எல்லாவற்றையும் ஊழல் என்று கத்திக்கொண்டிருந்தால் இந்தப் பெரிய ஓட்டை அடைபடாது.

பில்லைச் சோதிக்கும்போது விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அளவு, ஆர்டர் கொடுத்த தேதி, கொண்டுவந்து பொருத்தும் செலவு, உத்தரவாதக் காலம், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் ஆகிய ஐந்தையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். குறைந்த டெண்டரில் வாங்கிய இயந்திரம், உதிரி பாகம் கிடைக்காமல் மூன்றாம் ஆண்டே முடங்கினால் அதுதான் விலை அதிகமான இயந்திரம்.

நிதியாண்டுக் கடைசியையும் கவனியுங்கள். மீதப் பணம் காலாவதியாகிவிடும் என்பதால் அவசரமாக வாங்கிக் குவிப்பார்கள். அமெரிக்க மத்திய அரசின் ஒப்பந்தங்களை லீப்மன், மஹோனி என்ற பொருளாதார அறிஞர்கள் ஆய்வு செய்தபோது, கடைசி வாரச் செலவு மற்ற வாரங்களின் சராசரியைப்போல் 4.9 மடங்கு இருந்தது. அந்த வாரத்துத் தகவல்தொழில்நுட்பத் திட்டங்களின் தரமும் குறைந்திருந்தது. ஆனால் கடைசி வாரத்தில் பட்டுவாடா ஆன எல்லாமே விரயம் அல்ல. முன்பே முடிந்த வேலைக்கான பணமும் அப்போதுதான் போகும். ஆர்டர் எப்போது போனது என்று பாருங்கள்.

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் கட்டத் திட்டமிட்ட கிராவினா தீவுப் பாலம் இன்னொரு வகை. 39.8 கோடி டாலர் மதிப்பீடு, தீவில் ஐம்பது பேர் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். கெட்சிகன் நகரின் விமான நிலையம் அந்தத் தீவில்தான் இருக்கிறது என்பதைப் பலர் சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி, ஏற்கெனவே ஓடும் படகுச் சேவையைவிடப் பாலம் எவ்வளவு கூடுதலாகத் தரும் என்பது. 2007-இல் பாலம் கைவிடப்பட்டது. ஆனால் பாலத்தின் முனைக்குப் போகவேண்டிய சாலையைத் தீவில் சுமார் 2.5 கோடி டாலர் செலவில் போட்டு முடித்தார்கள். அந்தப் பணத்தைச் செலவிடாவிட்டால் திருப்பித் தரவேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம்.