குறுக்கே அறுத்த ஒரு துண்டு

பழைய மர ஜன்னல்களின் அடிச்சட்டம் மழைநீர் ஊறி உளுத்துவிட்டது. இனி அதில் ஆணியும் பிடிக்காது, சாயமும் நிற்காது. யூபிவிசி எனும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த ஜன்னல் போடுவதென்று முடிவாகி, படுக்கையறையில் ஒன்றை மாட்டியாகிவிட்டது. கூடம் பாக்கி.

விற்பவர்கள் முதலில் நீட்டுவது வண்ணப் புத்தகம். அதில் எல்லா ஜன்னலும் பளிச்சென்றுதான் இருக்கும். நான் கேட்டது சட்டத்தைக் குறுக்கே அறுத்த ஒரு துண்டு. சிலர் உடனே எடுத்துக் கொடுத்தார்கள். ஒருவர், "அதெல்லாம் எதற்கு சார், கண்ணாடியைப் பாருங்கள்" என்று பேச்சை மாற்றினார். அவரிடம் விலை கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அந்தத் துண்டில் பார்க்க நிறைய இருக்கிறது. உள்ளே தேன்கூடு போலச் சிறு சிறு அறைகள். அவற்றில் அடைபட்ட காற்றுதான் வெப்பம் கடப்பதைக் குறைக்கிறது. வெளிச்சுவரின் கனத்தை வெர்னியர் அளவியால் அளந்தேன். கண்ணில் படும் சுவர் குறைந்தது 2.8 மி.மீ. இருந்தால் 'ஏ' வகுப்பு, 2.5 இருந்தால் 'பி' என்கிறது ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 12608. என் கையில் இருந்த இரண்டு துண்டுகளும் ஒரே வெள்ளை, ஒரே வழவழப்பு. ஒன்று 2.8-ஐத் தாண்டியது, மற்றது 2-ஐத் தொட்டதோடு சரி. நடு அறையில் துத்தநாகம் பூசிய எஃகு செருகியிருக்கிறதா என்றும் பார்த்தேன். அகலமான ஜன்னலில் அது இல்லையென்றால் பலத்த காற்றுக்குச் சட்டம் வளைந்து கொடுக்கும்.

வெயிலில் நிறம் மாறாமலிருக்க டைட்டானியம் டை ஆக்சைடு சேர்க்கிறார்கள். எவ்வளவு சேர்த்தார்கள் என்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் உத்தரவாதப் பத்திரத்தில் நிறமாற்றமும் அடக்கமா என்பதை மட்டும் தேடிப் படித்தேன்.

படுக்கையறைக்குக் கீல் வைத்துத் திறக்கும் வகைதான். மூடிக் கைப்பிடியைத் திருப்பினால் கதவு ரப்பர் பட்டையில் சுற்றிலும் அழுந்துகிறது. பக்கவாட்டில் நகரும் தள்ளு ஜன்னலில் அந்த இடத்தில் தூரிகை போன்ற இழைப் பட்டைதான். காற்றும் சத்தமும் கொஞ்சம் கசியும். கண்ணாடி இரட்டை அடுக்கு, ஒன்று 6 மி.மீ., மற்றது 4. இரண்டும் ஒரே கனமாக இருந்தால் ஒரே அலைவரிசைச் சத்தத்தை இரண்டுமே எளிதாக உள்ளே விட்டுவிடும். கனம் மாறினால் ஒன்று விடுவதை மற்றது மடக்கும்.

மாட்டும் நாளில்தான் சின்ன வாக்குவாதம். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விட்டிருந்த இடைவெளியைக் கொத்தனார் சிமெண்ட் கலவையால் இறுக்கப் போனார். ஒரு மீட்டர் யூபிவிசி சட்டம், வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் ஏறினால் சுமார் 2 மி.மீ. நீளும், நீள இடமில்லாவிட்டால் வளையும். நுரை அடைத்து, வெளி விளிம்பில் சிலிகோன் பசை பூசச் சொன்னேன். "உங்கள் இஷ்டம்" என்றார். இஷ்டமில்லாமல்தான் செய்தார், ஆனால் சுத்தமாகச் செய்தார்.

எல்லாம் முடிந்ததும் கீழ்ச்சட்டத்தின் பள்ளத்தில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன். வெளிப்புறம் இரண்டு வடிகால் துளைகள். ஒன்றின் வழியே உடனே ஓடியது. மற்றதில் சொட்டுக்கூட இல்லை. துளையிட்டபோது சுருண்ட பிளாஸ்டிக் சீவல் உள்ளே அடைத்திருந்தது. கம்பியால் நெம்பியதும் வெள்ளைச் சுருள் வந்து விழுந்தது, தண்ணீரும் பின்னாலேயே வந்தது. இதைப் பார்க்காமல் விட்டிருந்தால் முதல் அடைமழையில் தண்ணீர் அறைக்குள் வழிந்திருக்கும்.

கூடத்து ஜன்னல் அகலம். கதவு திறந்து நிற்க வெளியே இடமும் இல்லை. அங்கே தள்ளு வகைதான் சரிப்படும். சுவர் திறப்பின் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, குறைந்ததைக் குறித்துக்கொண்டேன். இரண்டு கதவுகளும் நடுவில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பகுதியை அறுத்த துண்டு கேட்டிருக்கிறேன். அதற்குள்ளும் எஃகு இருந்தால் முன்பணம் கொடுப்பேன்.