தடிப்பு எழும்ப முன்னம் குளிசை: நாட்பட்ட காணாக்கடியைக் கையாளும் முறை

ஆறு கிழமைக்கு மேலாக, கிழமையில் பல நாள் சிவந்த தடிப்பு எழும்பிக் கடித்து, சில மணித்தியாலத்தில் அடையாளமில்லாமல் மறைந்து, பிறகு வேறோர் இடத்தில் எழும்புகிறதா? அதுதான் நாட்பட்ட காணாக்கடி. யாழ்ப்பாணத்தில் இதற்கு எல்லாரும் முதலில் சொல்வது "கிரந்திச் சாப்பாட்டை நிப்பாட்டு" என்பதுதான். றால், நண்டு, கணவாய், கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி என்று ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து போகும். மாதக்கணக்காகப் பத்தியம் காத்தும் தடிப்புக் குறையாதபோது மனம் உடைந்துவிடும்.

நாட்பட்ட வகைக்குச் சாப்பாடு காரணமாவது மிக அரிது. தோலிலுள்ள மாஸ்ட் கலங்கள் எனும் எதிர்ப்புக் கலங்கள் ஹிஸ்ரமின் என்ற இரசாயனத்தை வெளிவிடுவதால்தான் தடிப்பும் கடியும் வருகின்றன. பலரில் அந்தக் கலங்களைத் தூண்டுவது உடம்பு தனக்கெதிராகத் தானே உண்டாக்கும் பிறபொருளெதிரிகள். உண்மையான சாப்பாட்டு ஒவ்வாமை, சாப்பிட்டு ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள், பெரும்பாலும் ஒவ்வொரு முறையும், அதே சாப்பாட்டுக்கு வரும். போன கிழமை ஒடியற்கூழ் குடித்து ஒன்றும் நடக்காமல் இந்தக் கிழமை தடித்திருந்தால், குற்றத்தைக் கூழில் போடாதீர்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஐஸில் வைக்காமல் வெயிலில் கிடந்த சூரை போன்ற மீனில் ஹிஸ்ரமின் உருவாகிவிடும், சமைத்தாலும் அழியாது. அதைச் சாப்பிட்டால் ஆருக்கும் முகம் சிவந்து தடிக்கலாம். மீனை விடத் தேவையில்லை, புதுசாக வாங்கினால் போதும்.

வைத்தியரிடம் போகும் நேரம் தடிப்பு மறைந்திருக்கும். ஆகவே எழும்பும்போதே போனில் படம் எடுங்கள். ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனையால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள். 24 மணித்தியாலத்துக்குள் அந்த இடம் வெறுமையாகிவிட்டால் காணாக்கடிதான். அதற்கு மேலும் அங்கேயே நின்று, கடியை விட எரிவும் நோவும் கூடி, மறையும்போது கண்டல் போல நிறம் விட்டுப் போனால் அது இரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். அதற்குத் தோலில் சிறு துண்டெடுத்துப் பார்க்க வேண்டும். விரலிடுக்கில் சிறு பருக்களாக வந்து இரவில் கடி கூடி, வீட்டில் மற்றவர்களும் சொறிந்தால் அது சிரங்கு. அதன் மருந்து வேறு.

அடுத்தது, எது கிளப்புகிறது என்று பார்க்க வேண்டும். பேனை மூடியால் முன்னங்கையில் அழுத்திக் கோடு கீறி, 10 நிமிடத்தில் கோட்டின் வழியே தோல் வீங்கி எழும்பிக் கடித்தால் உரசல்தான் தூண்டல். இறுக்கமான இலாஸ்ரிக், பாவாடை நாடா, பெல்ட் ஆகியவற்றைத் தளர்த்தினாலே பாதி நிம்மதி. அழுத்தத் தடிப்பு உடனே வராது. பாரத் தோள்பை சுமந்தால் நாலு, ஆறு மணித்தியாலம் கழித்துத்தான் அந்த இடம் வீங்கும், அதனால் பலர் தொடர்பைக் காண்பதில்லை. வியர்வையால் வருவது ஊசி முனையளவு சிறு தடிப்பு. சித்திரை வெயிலில் சைக்கிள் ஓடினாலும், சுடுதண்ணியில் குளித்தாலும், உறைப்பான கறி சாப்பிட்டாலும் சில நிமிடத்தில் கிளம்பி ஒரு மணித்தியாலமளவில் அடங்கும். நல்லூர்த் திருவிழாவில் பிரதட்டை செய்பவர்களுக்கு வெக்கை, வியர்வை, மணல் உரசல் மூன்றும் சேரும். அன்றைய குளிசையைத் தவறவிடாமல் முன்கூட்டியே போட்டுவிட்டுப் போகவேண்டும். குளிரால் வருகிறதோ என்று சந்தேகமானால், வைத்தியரிடம் சொல்லுங்கள். மெல்லிய பையில் ஐஸ் கட்டியை 5 நிமிடம் முன்னங்கையில் வைத்து, எடுத்து 10 நிமிடத்தில் பார்ப்பார்கள். தடித்தால், கடலிலோ கேணியிலோ திடீரெனக் குதிப்பதும் தனியாக நீந்துவதும் ஆபத்து, முழு உடம்பும் குளிர்ந்தால் மயக்கம் வரலாம்.

மருந்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. தடித்தபிறகு ஒரு பிரிற்றன் போட்டு, நித்திரை கொண்டு, அடுத்த தடிப்புக்கு அடுத்தது என்று காலம் ஓடும். ஹிஸ்ரமின் வெளியே வந்து தன் வேலையைச் செய்த பிறகு குளிசையால் அதிகம் தடுக்க முடியாது. ஹிஸ்ரமினைத் தடுக்கும் குளிசைகளில் நித்திரை குறைவாகத் தரும் வகையை, தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் ஒரே நேரத்தில் போடவேண்டும். வளர்ந்தவர்களுக்கு வழமையான அளவு: செற்றிரிசின் 10 மில்லிகிராம், லொறற்றடின் 10, பெக்ஸோபெனடின் 180, பிலாஸ்ரின் 20. செற்றிரிசின் சிலருக்குத் தூக்கம் தரும், அவர்கள் இரவில் போடலாம். பெக்ஸோபெனடினைத் தண்ணியோடு மட்டும் விழுங்குங்கள். தோடம்பழச் சாறோடு போட்டால் உடம்பில் சேர்வது குறையும். பிலாஸ்ரின் வெறுவயிற்றுக் குளிசை: சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன், அல்லது இரண்டு மணித்தியாலம் பின்.

இரண்டு முதல் நாலு கிழமை தவறாமல் போட்டும் அடங்காவிட்டால், வைத்தியர் அதே குளிசையை நாலு மடங்கு வரை படிப்படியாகக் கூட்டலாம். இதை நீங்களாகச் செய்யவேண்டாம். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்குச் செற்றிரிசினைக் கூட்டாமல் குறைக்கவேண்டி வரும். அதற்கும் அடங்காதவர்களுக்கு நாலு கிழமைக்கு ஒரு தடவை 300 மில்லிகிராம் ஒமாலிசுமாப் ஊசி. விலை கூடியது. அதற்குப் பிறகுதான் உடம்பின் எதிர்ப்பைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின், அதற்கு இரத்த அழுத்தமும் சிறுநீரகமும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

பிரட்னிசலோன் என்ற ஸ்ரீரொய்ட் குளிசை ஒரு நாளில் தோலைத் துடைத்துவிடும், அதனால்தான் அதன்மேல் ஆசை வருகிறது. நிப்பாட்டியதும் பலருக்குத் தடிப்பு முன்னை விட மோசமாகத் திரும்பும், தொடர்ந்தால் சீனி, பிறஷர், எலும்புத் தேய்வு. கடுமையான நேரத்தில் வைத்தியர் சொல்லி ஒரு சில நாளுக்கு மட்டுமே. துண்டில்லாமல் பாமசியில் பெயர் தெரியாத சிறு குளிசைகளைக் கலந்து தந்தால், என்னென்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

மூட்டு நோவு, தலையிடிக்குப் போடும் டைக்ளோபெனக், ஐபுபுரோபென், மெபனமிக் அசிட், அஸ்பிரின் பலருக்குத் தடிப்பைக் கிளப்பும். பதிலாகப் பனடோல் போடலாம். இதயத்துக்காக அஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாக நிப்பாட்டக்கூடாது, கேட்டு முடிவெடுங்கள். தடிப்பே இல்லாமல் உதடு, நாக்கு மட்டும் வீங்குகிறவர் எனலப்ரில் போன்ற பிறஷர்க் குளிசை எடுக்கிறாரா என்று கட்டாயம் பார்க்கவேண்டும்.

நாக்கோ தொண்டையோ வீங்கி, குரல் கம்மி, மூச்சு முட்டி, தலைசுற்றினால் வீட்டில் குளிசை போட்டுக் காத்திருக்கவேண்டாம். உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அந்த நேரத்துக்குத் தேவையானது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி.

கிளினிக்குக்கு ஒரு கொப்பி கொண்டுபோங்கள். நாளாந்தம் இரண்டு புள்ளி எழுதினால் போதும். தடிப்பு: இல்லை 0, இருபதுக்குக் குறைய 1, ஐம்பது வரை 2, அதற்கு மேல் 3. கடிக்கும் அதன் கடுமையைப் பார்த்து 0 முதல் 3. ஏழு நாளையும் கூட்டினால் உச்சம் 42. ஆறு அல்லது அதற்குக் கீழ் நல்ல கட்டுப்பாடு, 28 அல்லது அதற்கு மேல் கடுமை. "கொஞ்சம் பரவாயில்லை டொக்டர்" என்பதை விட இந்த எண் மருந்தைச் சரியாகக் கூட்ட உதவும். இரத்தப் பரிசோதனையும் நீளமான பட்டியல் தேவையில்லை: முழு இரத்த எண்ணிக்கை, அழற்சி அளவு, தேவைப்பட்டால் தைரொய்ட்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகளும், ஒவ்வாமையோடு தொடர்புள்ள பிறபொருளெதிரியான ஐஜிஈயின் மொத்த அளவும். பெருஞ்செலவில் நூறு சாப்பாட்டுக்கு ஒவ்வாமை பார்ப்பது இந்த நோய்க்கு வழி காட்டாது.

பெரும்பாலானோருக்கு இது சில வருடங்களில் தானாக அடங்கும். ஆனால் ஒரு தடிப்பும் இல்லாத முதல் கிழமையிலேயே குளிசையை விடாதீர்கள். மூன்று மாதமாவது முற்றாக அமைதியாக இருந்த பிறகு, வைத்தியரோடு பேசி, நாளாந்த அளவில் மாதத்துக்கு ஒரு குளிசை வீதம் குறையுங்கள். குறைத்த மாதத்தில் திரும்ப எழும்பினால், கடைசியாக அமைதியாக இருந்த அளவுக்கே போய் அங்கே நில்லுங்கள்.