சீட்டுக்கட்டுல குறி பார்க்கக் கத்துக்கிறேன்: நாட்குறிப்பு

பிப்ரவரி 18, புதன்

சீனப் புத்தாண்டு ரெண்டாம் நாள், சிங்கப்பூர்ல லீவு. எதிர்வீட்டு சீனக் குடும்பம் கூப்பிட்டிருந்தாங்க, ரெண்டு ஆரஞ்சு கையில எடுத்துக்கிட்டுப் போனோம். ஹால்ல பிள்ளைங்க எல்லாம் 20 காசு வச்சு பான்லக்ங்கிற சீட்டாட்டம் ஆடிக்கிட்டு இருந்துச்சுங்க. எட்டாவது மாடிப் பாட்டியும் வந்திருந்தாங்க, ஆட்டம் முடிஞ்சு கிடந்த சீட்டுக்கட்டை அவங்க எடுத்துக் கலைச்சாங்க பாருங்க, 79 வயசுக் கை மாதிரியே இல்ல. மூணு சீட்டை எடுத்து வரிசையா வச்சு, அந்த வீட்டு மூத்த பொண்ணுகிட்ட மலாய்ல என்னமோ மெதுவா சொன்னாங்க, அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே இருந்தவ அப்படியே பாட்டி பக்கத்துல தரையில உட்கார்ந்துட்டா, அரை மணி நேரம் எந்திரிக்கவே இல்ல.

லிஃப்ட்ல கேட்டேன், எங்க பாட்டி இதைக் கத்துக்கிட்டீங்கன்னு. 60கள்ல நேவல் பேஸ்ல, அதான் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துல, ஒரு வெள்ளைக்காரங்க வீட்ல பிள்ளை பாத்துக்கிட்டு இருந்தாங்களாம், செம்பவாங் பக்கம் அந்தக் கருப்பு வெள்ளை பங்களா. மழை பெய்ஞ்சா அந்த அம்மா மேசையில சீட்டைப் பரப்பிடுமாம், இவங்க பக்கத்துல நின்னு பாத்துப் பாத்தே பிடிச்சுக்கிட்டாங்க. 1971ல வெள்ளைக்காரன் பேஸை விட்டுக் கிளம்பினப்ப அந்தக் குடும்பமும் போயிடுச்சு, சீட்டுக்கட்டை மட்டும் இவங்ககிட்ட கொடுத்துட்டுப் போச்சாம்.

எனக்கும் சொல்லித் தாங்கன்னு கேட்டுட்டேன். "ஞாயித்துக்கிழமை வா பாப்பா, புதுக்கட்டு ஒண்ணு வாங்கிட்டு வா"ன்னாங்க. ராத்திரி பூரா அதே நெனப்பு.

பிப்ரவரி 22, ஞாயிறு

முதல் பாடம். கோப்பி குடிச்சு முடிச்சதும் மேசையைத் துடைச்சுட்டு நாலு இனத்தையும் தனித்தனியாப் பிரிக்கச் சொன்னாங்க. ஆர்ட்டின்னா வீடு, பாசம், கல்யாணம். டைமண்ட் காசு. கிளாவர் வேலை, உழைப்பு, கூட நிக்கிற ஆளுங்க. இஸ்பேட் தடை, சீக்கு, மனக்கவலை. ஆர்ட்டின் ஒம்பது வந்தா நெனச்சது நடக்கும், அதான் கட்டுலயே நல்ல சீட்டு. இஸ்பேட் ஒம்பது அதுக்கு நேர் எதிர்.

அப்புறம் கலைச்சு வச்சாங்க, கேக்குறவங்க இடது கையால வெட்டணும்னாங்க. எனக்குக் கை நீளவே இல்ல. சின்ன வயசுலேருந்து இடது கையால எதையும் கொடுக்காதே வாங்காதேன்னு அடி வாங்கி வளர்ந்தவ நான். பாட்டி அதையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, "நானும் இப்படித்தான் நின்னேன், அது நெஞ்சு இருக்கிற பக்கமாம், அந்தம்மா சொல்லும்"னாங்க. வெட்டினேன்.

பிப்ரவரி 26, வியாழன்

நெட்ல தேடினா குழப்பமா இருக்கு, ஒரு பக்கம் கிளாவர்தான் காசுங்கிறாங்க, டைமண்ட் சேதியும் பயணமுமாம். அப்புறம்தான் புரிஞ்சுது, அது பிரெஞ்சுக்காரங்க வழி, பாட்டிக்கு வந்தது இங்கிலீஷ்காரங்க வழி. பிரான்ஸ்ல 1770லயே எத்தெய்யாங்கிற ஒருத்தர் சீட்டுல குறி பாக்கிறதைப் பத்திப் புத்தகம் போட்டிருக்கார், அலியெத்துங்கிற தன் சொந்தப் பேரைத் திருப்பிப் போட்டு வச்சுக்கிட்ட பேராம் அது. அவர் பாத்தது 32 சீட்டுல, ஏழுக்குக் கீழ ஏஸைத் தவிர எல்லாத்தையும் எடுத்துடுவாங்க. பாட்டி 52ம் பாக்கிறாங்க.

ரெண்டையும் கலக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். ஒருத்தர்கிட்ட சமையல் கத்துக்கும்போது இன்னொருத்தர் அளவைப் போட்டா குழம்பு வராது. பாட்டி வழி மட்டும்தான்.

மார்ச் 1, ஞாயிறு

இன்னிக்குத் தலைகீழ்ப் பாடம். சீட்டு தலைகீழா விழுந்தா நல்லது கொஞ்சம் குறையும், கெட்டது இழுத்தடிக்கும். ஆனா எது தலைகீழ்னு எப்படித் தெரியும்? ராஜா ராணி ஜாக்கிக்கெல்லாம் ரெண்டு பக்கமும் தலை. ராத்திரி 52ஐயும் தரையில பரப்பி ஒண்ணொண்ணாத் திருப்பிப் பாத்தேன். ஆர்ட்டின், இஸ்பேட், கிளாவர் மூணுலயும் ஏஸ், 3, 5, 6, 7, 8, 9 திருப்பினா தெரியுது, நடுவுல இருக்கிற பூவோட முனை மாறிடுது. 2, 4, 10 தெரியாது. டைமண்ட்ல ஏழு ஒண்ணுதான் தெரியும், மத்ததெல்லாம் எப்படி வச்சாலும் ஒரே மாதிரி. ஆக தெரியுறது 22, தெரியாதது 30. அந்த முப்பதுக்கும் கீழ் ஓரத்துல பென்சில்ல ஒரு சின்னப் புள்ளி வச்சேன், பாட்டி கட்டுலயும் அப்படித்தான் இருக்கு, அந்த வெள்ளைக்காரம்மா வச்ச புள்ளி, மங்கிப் போயும் இன்னும் இருக்கு. அவங்க கட்டுல கிளாவர் நாலு எப்பவோ தொலைஞ்சு போச்சு, ஜோக்கர் மேல பேனாவால நாலு பூ வரைஞ்சு வச்சிருக்காங்க. அதைத் தொட்டா ஏதோ மாதிரி இருக்கு எனக்கு.

மார்ச் 6, வெள்ளி

இன்னிக்கு ஒரு தப்புப் பண்ணிட்டேன். எழுதவே கஷ்டமா இருக்கு.

மத்தியானம் வேலை இடத்துல சாப்பாட்டு நேரம், கூட வேலை பாக்கிற அக்கா நான் சீட்டு கத்துக்கிறேன்னு கேள்விப்பட்டு எனக்கும் பாருடின்னாங்க. மூணு சீட்டு எடுத்தேன். கிளாவர் எட்டு, இஸ்பேட் ஒம்பது, ஆர்ட்டின் பத்து. நடுச்சீட்டைப் பாத்ததும் என் வாய் சும்மா இல்லாம "ஐயோ அக்கா, இருக்கிறதுலயே மோசமான சீட்டு இதுதான்"னு சொல்லிடுச்சு. அவங்க முகம் அப்படியே வெளுத்துப் போச்சு. அவங்க அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க, நாலு நாளா, எனக்குத் தெரியாது. டிபன் பாக்ஸை மூடிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க, சோறு பாதிக்கு மேல அப்படியே இருந்துச்சு.

சாயங்காலம் பஸ்ல வரும்போது மன்னிப்பு கேட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். பாத்துட்டாங்க, பதில் இல்ல.

மார்ச் 8, ஞாயிறு

பாட்டிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன், திட்டுவாங்கன்னு நெனச்சேன், திட்டல. மூணு சீட்டையும் அதே வரிசையில வைக்கச் சொன்னாங்க. "பக்கத்துல என்ன இருக்கு?" ஆர்ட்டின் பத்து. "பத்து என்ன பண்ணும்?" பக்கத்துல இருக்கிற கெட்டதைத் தணிக்கும், ரெண்டாவது வாரமே சொல்லிக் கொடுத்தது. நான் ஒரு சீட்டைப் பாத்துட்டு மூணைப் பாத்தேன்னு சொல்லியிருக்கேன். கிளாவர் எட்டு கூட நிக்கிற ஆளுங்களைச் சொல்லுது, ஆர்ட்டின் பத்து வீட்டைச் சொல்லுது, கவலை ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்குது. பாட்டியா இருந்தா முதல்ல "என்னம்மா, சரியாத் தூங்கி எத்தனை நாளாச்சு?"ன்னு கேட்டிருப்பாங்களாம். கேட்டுட்டுப் பேசாம இருப்பாங்களாம், அவங்களே சொல்றவரைக்கும்.

மகன் பாலிடெக்னிக்ல படிக்கிறான், அவன்கிட்ட கேட்டேன், மூணு சீட்டு எடுத்தா ஒரு இஸ்பேடாவது வர எவ்வளவு வாய்ப்புன்னு. ஃபோன்லயே போட்டுப் பாத்துட்டு 100க்கு கிட்டத்தட்ட 59ன்னான். பாதிக்கும் மேல! அப்ப சீட்டுப் பாக்கிறவளுக்கு இஸ்பேட் வந்தா எப்படிப் பேசணும்கிறதுதான் முதல் பாடமா இருக்கணும், நான் அதைக் கடைசியாக் கத்துக்கிட்டு இருக்கேன்.

சின்ன வயசுல லிட்டில் இந்தியா தேக்காவுல அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டுக் கிளி ஜோசியம் பாத்தது ஞாபகம் வருது. கிளி வெளிய வந்து ஒரு அட்டையைக் கொத்தி எடுத்துக் கொடுத்துட்டு உள்ள போயிடும். அந்தப் பெரியவர் அட்டையைப் பிரிச்சவுடனே பேச மாட்டார், முதல்ல அப்பா முகத்தைப் பாப்பார். அப்ப அது எனக்குப் புரியல.

மார்ச் 13, வெள்ளி

அக்கா இன்னிக்குப் பேசினாங்க. அம்மா வீட்டுக்கு வந்துட்டாங்களாம். சீட்டைப் பத்தி ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லல, அவங்க கொண்டு வந்த புளிச்சோத்துல பாதியை என் தட்டுல வச்சாங்க.

மார்ச் 15, ஞாயிறு

ஒருத்தர் 4D லாட்டரிக்கு நம்பர் கேட்டாங்க. முடியாதுன்னுட்டேன். பாட்டி இதுல கறார், நம்பர் சொல்றதில்ல, காசு வாங்குறதில்ல, ஒரே கேள்விக்கு ரெண்டு தடவை பாக்குறதில்ல.

மார்ச் 22, ஞாயிறு

படச்சீட்டு. கேக்குறவங்களுக்குன்னு ஒரு ராஜாவையோ ராணியையோ முதல்ல எடுத்து நடுவுல வைக்கணும், அதைச் சுத்தித்தான் மத்ததெல்லாம். எதை எடுக்கிறதுன்னா வெள்ளைக்காரங்க முடி நிறத்தைப் பாத்து எடுப்பாங்களாம், பொன்னிற முடின்னா டைமண்ட், பழுப்புன்னா கிளாவர், கருப்பு முடின்னா இஸ்பேட். அதைக் கேட்டதும் அந்த வயசுலயே பாட்டிக்குக் கோவம் வந்துச்சாம். நம்ம ஆளுங்க, மலாய்க்காரங்க, சீனவங்க எல்லாருக்கும் கருப்பு முடிதானே, அப்ப இந்த ஊரு மொத்தமும் இஸ்பேடா?

அதனால முடியைத் தள்ளி வச்சுட்டு குணத்தைப் பாத்து எடுக்க ஆரம்பிச்சாங்க. வீட்டையே நெனச்சுக்கிட்டு இருக்கிறவளுக்கு ஆர்ட்டின் ராணி, கணக்கு வழக்குல கெட்டியானவளுக்கு டைமண்ட் ராணி. இஸ்பேட் ராணி விதவைன்னு அந்த வெள்ளைக்காரம்மா சொல்லிக் கொடுத்திருக்காங்க, புத்தகங்கள்லயும் அப்படித்தான் இருக்கு. பாட்டியோட வீட்டுக்காரர் போனப்ப அவங்களுக்கு வயசு 34, மூணு பிள்ளைங்க. "அன்னியிலேருந்து நான் எனக்கு வைக்கிறது கிளாவர் ராணியைத்தான். நாலு வீட்ல வேலை செஞ்சு ஆளாக்குனவ நான், என்னை ஏன் இஸ்பேடுல வைக்கணும்?" சொல்லும்போது குரல் ஏறிடுச்சு. எனக்குக் கண் கலங்கிடுச்சு, எங்கம்மா ஞாபகம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ரெண்டு வாரமா எழுதல, வேலை ஜாஸ்தி. தினம் காலையில ஒரு சீட்டு எடுத்து நோட்டுல குறிக்கிறது மட்டும் விடல. 31 நாள் ஆச்சு, அதுல 9 தடவை ஏதாவது ஒரு இஸ்பேட் வந்திருக்கு.

இன்னிக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாங்க. இதெல்லாம் நம்ம குடும்பத்துல பழக்கமில்லன்னு ஒரு மாசமாச் சொல்லிக்கிட்டு இருந்தவங்க, பசியாறி முடிச்சதும் தானாவே எதிர்ல வந்து உட்கார்ந்தாங்க. பட்டுக்கோட்டையில பெரியம்மாவுக்கு முடியல, போய்ப் பாக்கணும், முட்டி வலியோட போகலாமா வேணாமான்னு மனசுல ஓடுது. அவங்க குணத்துக்கு நான் கிளாவர் ராணியை எடுத்து வச்சேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, மத்த மூணையும் காட்டுன்னாங்க. நாலு ராணியையும் வரிசையா வச்சேன். எந்த ராணிக்கு என்ன அர்த்தம்னு நான் சொல்லல, இஸ்பேட் பத்தி வாயே திறக்கல.

ரொம்ப நேரம் பாத்தாங்க. "எல்லாரும் கையில பூ வச்சிருக்காங்கடி"ன்னாங்க. நான் ஒன்றரை மாசமா இந்தக் கட்டைக் கையில வச்சிருக்கேன், கவனிச்சதே இல்ல, ஆமா, நாலு பேர் கையிலயும் பூ இருக்கு, இஸ்பேட் ராணிகிட்டயும். அப்பா தவறி 11 வருஷம் ஆச்சு. அம்மா இஸ்பேட் ராணியை எடுத்து நடுவுல வச்சாங்க, "இவ இருக்கட்டும், மத்தவங்களை விட இவ நிமிர்ந்து இருக்கா."

வெட்டச் சொன்னேன், தயங்காம இடது கையால வெட்டினாங்க. கிளாவர் மூணு, இஸ்பேட் நாலு, டைமண்ட் பத்து. இஸ்பேடைப் பாத்ததும் வாயை மூடிக்கிட்டு அவங்க முகத்தைப் பாத்தேன்.

"நாலுன்னா என்ன?"

"உடம்புக்கு அசதி, ஓய்வு வேணும். டைமண்டுன்னா காசுதான், ஆனா பத்து பயணம்மா."

"முட்டி வலி எனக்குத் தெரிஞ்சதுதானே. திருச்சி ஃபிளைட்டுக்கு டிக்கெட் போடு, ஓரத்து சீட்டாப் பாரு, காலை நீட்டணும்."

புதன்கிழமை காலையில போறாங்க. சாயங்காலம் எட்டாவது மாடிக்குப் போய்ப் பாட்டிகிட்ட ராணிங்க கையில இருக்கிற பூவைக் காட்டினேன். அவங்க தன்னோட பழைய கட்டை எடுத்து, ஜன்னல் பக்கம் வெளிச்சத்துல ஒவ்வொரு ராணியாப் பிடிச்சுப் பிடிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.