கட்டைவிரல் மை

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, ஒரு மாவட்டத்தில் துண்டறிக்கைக்கும் ஆட்டோ மைக்குக்கும் வாசகம் எழுதும் வேலையில் இருந்தேன். 9 மாதத்திலிருந்து 15 வயதுக்குள் எல்லாருக்கும் ஊசி, ஏற்கெனவே போட்டிருந்தாலும் இன்னொரு முறை. முகாமோடு சேர்ந்தே வாட்ஸ்அப்பில் வதந்தியும் கிளம்பிவிட்டது. ஊசி போடும் நாளில் வகுப்பில் பாதிப் பெஞ்சு காலி.

1948-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஷானன் தொலைபேசிக் கம்பிகளை மனதில் வைத்துப் போட்ட படத்தைத்தான் கல்லூரியில் எங்களுக்கு மனிதர்களுக்கும் சேர்த்துச் சொல்லித்தந்தார்கள்: அனுப்புநர், தடம், பெறுநர், நடுவில் இரைச்சல். அதன்படி வதந்தி இரைச்சல். அப்போ நாம் சத்தத்தைக் கூட்ட வேண்டியதுதானே? இன்னும் இரண்டு ஆட்டோ விட்டோம். (2020-இல், கொரோனா காலத்தில், யாருக்குப் போன் போட்டாலும் முதலில் இருமல் கேட்டதே, அப்போது அந்த ஆட்டோக்கள்தான் ஞாபகம் வந்தன.)

ஒரு பள்ளி வாசலில் ஒரு பாட்டி என் துண்டறிக்கையைத் திருப்பிக் கொடுத்தார். "மணல்வாரிக்கா இது? அதுக்குக் கைக்குழந்தையிலயே போட்டாச்சே தம்பி, மறுபடி எதுக்கு, அதுவும் பள்ளிக்கூடத்துல வச்சு?" நான்கு பத்தி எழுதியிருந்தேன், தட்டம்மைக்கு ஊரில் சொல்லும் மணல்வாரி என்ற சொல்லே அதில் இல்லை, அவர் கேட்டதற்குப் பதிலும் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்ததில் பதில் இருந்தது. பொய்தான், ஆனால் அவருடைய கேள்விக்கான பொய்.

இன்னொன்று நாங்கள் திட்டமிடாதது. ஊசி போட்ட பிள்ளையின் இடது கட்டைவிரல் நகத்தில் மை வைப்பார்கள், விட்டுப்போனவர்களைக் கண்டுபிடிக்கத்தான், வேறெதற்கும் இல்லை. மறுநாள் தெருக்குழாயடியில் பார்த்தால், மை வைத்த பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து பக்கத்து வீட்டு அம்மா விசாரிக்கிறார்: "காய்ச்சல் அடிச்சுதா? கை வலிக்குதா?" அது கையை உதறிக்கொண்டு விளையாட ஓடுகிறது. 1940-இல் அமெரிக்க அதிபர் தேர்தலை ஓஹையோ மாநிலத்தில் ஆராய்ந்த லாசர்ஸ்ஃபெல்ட் என்ற சமூகவியலாளரின் குழு, செய்தி பெரும்பாலும் கருத்துத் தலைவர்கள், அதாவது சுற்றியிருப்பவர்கள் நம்பிக் கேட்கும் ஆட்கள், வழியாகத்தான் மக்களிடம் போகிறது என்றது. அந்தத் தெருவில் கருத்துத் தலைவருக்கு ஏழு வயதிருக்கும்.

மையால்தான் எல்லாம் மாறியது என்று சொல்லமாட்டேன். முகாம் மார்ச்சுக்கும் நீண்டது, கிராம சுகாதாரச் செவிலியர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள், பெரிய வேலை அதுதான். ஆனால் இப்போது வகுப்பில் ஷானன் படத்தைப் போடும்போதெல்லாம் இந்த நகத்தையும் சொல்கிறேன். போன வருடம் ஒரு மாணவி கேட்டாள், "சார், இதுல அனுப்புநர் யாரு? மை வச்ச நர்ஸா, அந்தப் பிள்ளையா?" சாக்பீஸோடு கொஞ்ச நேரம் நின்றேன். அந்தக் கட்டத்தை இன்னும் காலியாகத்தான் விட்டிருக்கிறேன்.