மாதச் சந்தா இல்லாமல் ஒரு குப்பி மருந்து

2024 கோடை முடியும் நேரம், எங்கள் பிரிட்ஜில் தோசை மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் பிரிக்காத மருந்துப் பெட்டிகள் மூன்று இருந்தன. எடை குறைக்கும் ஊசி. வாந்தி தாங்காமல் நான் ஊசியை நிறுத்தி மூன்று மாதம் ஆகப் போகிறது, ஆனால் ஆன்லைனில் அதை அனுப்பிய கம்பெனி நிறுத்தவில்லை. 28 நாளுக்கு ஒருமுறை கார்டிலிருந்து பணம் போகும், இரண்டு நாளில் வாசலில் ஐஸ் பேக் வைத்த பெட்டி வந்து உட்காரும். ரத்து செய்யச் சொல்லி எழுதினால் “அடுத்த டோஸ் ஏற்கனவே தயாராகிவிட்டது” என்று பதில். அனுப்பிய மருந்தைத் திருப்பியும் வாங்க மாட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

நான் இருப்பது டெக்சாஸில். டாக்டர் எழுதிக் கொடுத்தது வீகோவி, அதாவது செமாக்ளூடைடு. இன்சூரன்ஸ் முடியாது என்றுவிட்டது, கைக்காசு என்றால் அப்போது மாதம் 1,349 டாலர். அந்த மருந்துக்குத் தட்டுப்பாடும் இருந்தது. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் தட்டுப்பாட்டுப் பட்டியலில் ஒரு மருந்து இருக்கும்வரை, கலந்து தரும் பார்மசிகள் அதே மருந்தைத் தாங்களே தயாரித்துத் தரலாம். அதைத்தான் இங்கே காம்பவுண்டட் என்கிறார்கள், அந்த ஆன்லைன் கம்பெனி எனக்கு அனுப்பியதும் அதுதான். நம் ஊர் கிளினிக்கில் கம்பவுண்டர் மிக்ஸ்சர் கலந்து தருவாரே, அதே வார்த்தைதான், அதே வேலைதான்.

இந்த மருந்துக்குச் சந்தா ஏன் ஒத்துவராது என்று சொல்கிறேன். வாரம் ஒரு ஊசி. 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒரு படியாக 0.5, 1, 1.7 என்று ஏறி 2.4க்குப் போக வேண்டும். காகிதத்தில் அப்படி. உடம்பு அப்படிக் கேட்பதில்லை, ஒருத்தருக்கு 0.5லேயே மூன்று மாதம் இருக்க வேண்டியிருக்கும், இன்னொருத்தர் ஒரு படி இறங்க வேண்டியிருக்கும், என்னைப் போல நடுவில் நிறுத்தவும் நேரும். சந்தாவோ காலண்டரைப் பார்த்து அடுத்த டோஸை அனுப்பிவிடுகிறது. வந்துவிட்டதே, வீணாகப் போக வேண்டாமே என்று குத்திக்கொள்கிறவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

சரி, அப்புறம் என்ன செய்தேன்? டாக்டரிடம் திரும்பப் போனேன். ரொம்ப மெதுவாக ஏறலாம் என்று மறுபடி எழுதிக் கொடுத்தார், இந்த முறை மாதாமாதம் நானே ஆர்டர் போட்டால் மட்டும் ஒரு குப்பி அனுப்பும் வேறொரு பார்மசியைத் தேடிப் பிடித்தேன். மாநில பார்மசி போர்டின் தளத்தில் அவர்களுடைய லைசென்ஸ் எண்ணைப் போட்டுப் பார்த்தேன், இரண்டு நிமிட வேலை. குப்பியில் இருப்பது செமாக்ளூடைடா, அல்லது செமாக்ளூடைடு சோடியம், அசிடேட் என்ற உப்பு வடிவமா என்றும் போனில் கேட்டேன், ஏனென்றால் உப்பு வடிவங்கள் வேண்டாம் என்று எஃப்.டி.ஏ. சொல்லியிருக்கிறது. டாக்டர் சீட்டே கேட்காமல் “ஆராய்ச்சிக்கு மட்டும்” என்று லேபிள் ஒட்டிப் பொடியாக அனுப்புகிறவர்கள் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். அதற்குச் சந்தா இல்லைதான், உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு உத்தரவாதமும் இல்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பழைய குப்பியில் என் 0.5 மில்லிகிராமுக்கு இன்சுலின் சிரிஞ்சில் 20 யூனிட் (நூறு யூனிட் சேர்ந்தால் ஒரு மில்லி) இழுப்பேன், அது கைப்பழக்கமாகியிருந்தது. இரண்டு மாதம் 0.25ல் இருந்துவிட்டுப் பழைய அளவுக்கு ஏறிய அன்று, புதுக் குப்பியில் ஊசியைக் குத்திக் கவிழ்த்துப் பிடித்த பிறகுதான் லேபிளைப் பார்த்தேன். பழையதில் ஒரு மில்லிக்கு 2.5 மில்லிகிராம், இதில் 5. பழக்கத்தில் 20 யூனிட் இழுத்திருந்தால் ஒரு மில்லிகிராம் உள்ளே போயிருக்கும், சரியாக இரண்டு மடங்கு. முதல் முறை 0.5லேயே வாந்தி எடுத்தவள் நான். இப்படி யூனிட்டும் மில்லியும் குழம்பி ஐந்திலிருந்து இருபது மடங்குவரை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு என்று அந்த வருடம் ஜூலையில்தான் எஃப்.டி.ஏ. எச்சரித்திருந்தது. ஊரில் கம்பவுண்டர் பாட்டிலில் காகிதத்தைப் பல்பல்லாக வெட்டி ஒட்டுவார், ஒரு பல் ஒரு வேளை, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடத் தப்பாகக் குடிக்க முடியாது. இந்தக் குப்பியில் அப்படி எதுவும் இல்லை. அதனால் பார்மசியோ குப்பியோ மாறும் ஒவ்வொரு முறையும், ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம், என் டோஸுக்கு எத்தனை யூனிட் என்று பார்மசிஸ்டைக் கேட்டு, பெட்டியின் மேலேயே மார்க்கரில் எழுதிவிடுங்கள்.

2025 பிப்ரவரியில் தட்டுப்பாடு தீர்ந்தது என்று எஃப்.டி.ஏ. அறிவித்தது. அதே மருந்தைக் கலந்து தருவதை நிறுத்த, சிறு பார்மசிகளுக்கு ஏப்ரல் 22, மொத்தமாகக் கலக்கும் பெரிய கூடங்களுக்கு மே 22 கெடு. அதற்குப் பிறகும் செமாக்ளூடைடோடு வைட்டமின் பி12 சேர்த்து, “உங்களுக்கென்றே செய்தது” என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். விலை வித்தியாசம் முன்பு போல இல்லை என்பதால் எனக்கு அதில் நியாயம் தெரியவில்லை. வீகோவி கம்பெனியே கைக்காசுக்கு நேரடியாக விற்கிறது, 2025 நவம்பரில் மாதம் 349 டாலராகக் குறைத்தார்கள். செப்பவுண்டு என்ற இன்னொரு எடை குறைக்கும் ஊசியும் குப்பியில் நேரடியாகக் கிடைக்கிறது. ஆனால் அதில் பெரிய டோஸ்களுக்கு 45 நாளுக்குள் மறுபடி வாங்கினால்தான் குறைந்த விலை என்று ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள், அதுவும் ஒரு வகைச் சந்தாதான், வாங்கும் முன் படித்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும். சந்தாவை விடுவது வேறு, டாக்டரை விடுவது வேறு. செமாக்ளூடைடை நிறுத்தியவர்களுக்கு ஒரே வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததாக ஒரு பெரிய ஆய்வின் தொடர்ச்சியில் பார்த்திருக்கிறார்கள். எப்போது நிறுத்துவது, எப்படி இறங்குவது என்பதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இந்த மருந்தே கூடாது.

நான் இப்போது வாங்குவது வீகோவி பேனா, 1 மில்லிகிராம். ஐந்து மாதமாக அதிலேயே இருக்கிறேன், டாக்டரும் போதும் என்கிறார். மாதக் கடைசியில் நானே ஆர்டர் போடுகிறேன். பிரிட்ஜில் மாவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிதான் இருக்கிறது.